கலைக்காமல் எடுத்த படம்

விலங்குகளையும் பறவைகளையும் படம் பிடிக்க வேண்டும் என்ற ஆசையோடு என்னிடம் வருகிறவர்கள் முதலிற் கேட்கும் கேள்வி எப்பொழுதும் ஒன்றாகவே இருக்கிறது. "எந்தக் கமரா வாங்கலாம்?" என்பதே அது. இரண்டாவது கேள்வி அதன் விலையைப் பற்றியது. "எதைப் படம் பிடிக்கப் போகிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்டால் பெரும்பாலோர் சற்றுத் திகைப்பர். சமைக்கப் பழக விரும்பும் ஒருவர் அரிசியைப் பற்றியோ மீனைப் பற்றியோ ஒரு சொல்லும் கேளாது, சட்டி பானைகளின் விலையை மாத்திரம் விசாரித்துக்கொண்டு நிற்பாராயின் அவரைப் பற்றி நாம் என்ன நினைப்போம்? சட்டியும் வேண்டியதுதான், அதை நான் மறுக்கவில்லை.

தொழிலால் நான் ஆசிரியன். மன்னாரில் இருபத்திரண்டு வருடங்கள் கற்பித்து ஓய்வு பெற்றவன். பாடசாலை விட்ட பின்னரும் விடுமுறை நாட்களிலும் தரவைகளிலும் குளக்கட்டுகளிலும் கமராவுடன் அலைந்ததுதான் இத்துறையில் எனக்குள்ள தகுதி. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பிற் படிக்கும் என் தமக்கையின் மகன், "மாமா, வாயாற் சொல்வதையெல்லாம் ஒருமுறை எழுதித் தந்தால் என்ன?" என்று பலமுறை கேட்டுவிட்டான். அவனுக்கென்று எழுதத் தொடங்கியதை அவனைப் போன்ற மற்றைய மாணவர்களும் படிக்கட்டும் என்றே இங்கு தருகிறேன்.

இக்கலை தோன்றிய கதையைச் சிறிது அறிந்திருப்பது நல்லது. இங்கிலாந்தில் ரிச்சர்ட் கியர்ட்டன், செரி கியர்ட்டன் என்னும் சகோதரர் இருவர் இருந்தனர். 1892 ஆம் ஆண்டில் முட்டைகளோடு கூடிய ஒரு பறவைக் கூட்டைப் படம் பிடித்ததிலிருந்து அவர்களுடைய பணி தொடங்கியது. அக்காலக் கமராவோ மரப்பெட்டி; உள்ளே கண்ணாடித் தகடு; தூக்கிச் செல்ல ஓர் ஆள் வேண்டும். மனிதனைக் கண்டால் பறக்கும் பறவை மாட்டைக் கண்டு பறப்பதில்லை என்பதை அவர்கள் கவனித்தார்கள். ஆகவே 1900 ஆம் ஆண்டில் ஒரு மாட்டின் தோலைப் பதப்படுத்தி, உள்ளே வெறுமையாக விட்டு, அதன் வயிற்றுக்குள் ஒருவர் கமராவோடு புகுந்து நின்று படம் எடுக்க வழி செய்தார்கள். குனிந்தபடியே நெடுநேரம் நின்ற ரிச்சர்ட் ஒருமுறை மயங்கி மாட்டோடு சாய்ந்துவிட்டார் என்பர். சிரிப்புக்கிடமான செய்திதான். ஆனால் அந்த மாட்டுத் தோலுக்குள் நின்றவர் தாம் படம் எடுக்கும் பறவை எதற்கு அஞ்சும், எதற்கு அஞ்சாது என்பதை முன்னரே அறிந்திருந்தார். அமெரிக்காவிலே ஜோர்ஜ் ஷைராஸ் என்பவர் இராக்காலத்தில் ஓடத்திற் சென்று மின்வெட்டொளியில் மான்களைப் படம் பிடித்தார். அவருடைய 74 படங்களை 1906 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நாஷனல் ஜியோகிரஃபிக் சஞ்சிகை ஒரே இதழில் வெளியிட்டது. அவரும் அதற்கு முன்னர் வேட்டைக்காரராக இருந்து விலங்குகளின் வழக்கங்களைக் கற்றவரே.

நம்மவர்களுள் ஒருவரையும் கூறவேண்டும். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன். 1912 இற் பிறந்த அவர், கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் 1996 இல் மறையும் வரையில் இயற்கையைப் பற்றி இடைவிடாது எழுதியவர். பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே அவர் படம் எடுத்தார். வண்ணம் இல்லாமலே யானையின் தோற் சுருக்கமும் அதன் நடையின் கனமும் அப்படங்களிலே தெரிகின்றன. இளைஞர்கள் தேடிப் பார்க்க வேண்டிய படங்கள் அவை.

இனிக் கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொலைவில் நிற்கும் பறவைக்கு 400 மில்லிமீற்றர் அளவுள்ள லென்ஸ் ஒன்று வேண்டும், பழையதாயினும் போதும். நிற்கும் பறவைக்கு ஒரு செக்கனின் 500 இல் ஒரு பங்கு, பறக்கும் பறவைக்கு 2000 இல் ஒரு பங்கு என ஷட்டரின் வேகத்தை வைத்துப் பழகலாம். வெளிச்சம் குறைவாயின் ஒளியுணர்திறனைக் கூட்ட அஞ்ச வேண்டாம். படத்தில் சிறிது மணல் தூவினாற்போல் புள்ளிகள் விழும், அவ்வளவே. புள்ளி விழுந்த படத்தைப் பார்க்கலாம். அசைந்து கலங்கிய படத்தை ஒருவரும் பார்க்கார். இக்காலக் கமராக்கள் பறவையின் கண்ணைத் தாமே தேடிக் கண்டு குவியத்தை அதிலே நிறுத்துகின்றன. அது பெரிய வசதிதான். ஆனால் அது கண்டுபிடிப்பது கண்ணை மாத்திரமே. அந்தக் கண் உங்களைப் பார்த்து அஞ்சுகிறதா, இரையைப் பார்க்கிறதா என்பதைச் சொல்லும் கமரா இன்னும் வரவில்லை.

கமராவின் ஒளிமானி ஓர் அப்பாவி. தன் முன்னே உள்ள அனைத்தும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே அது நம்பும். இருண்ட பற்றையின் முன்னே நிற்கும் வெள்ளைக் கொக்கைக் காட்டினால், பற்றையின் கருமைக்கு இரங்கி ஒளியைக் கூட்டிவிடும்; கொக்கின் இறகுகள் ஒன்றும் தெரியாமல் வெள்ளைக் கடதாசி போலாகிவிடும். அங்கு நாமே ஒரு படி குறைக்கவேண்டும். வானத்தின் முன்னே பறக்கும் பருந்தாயின் இதற்கு மாறாக ஒரு படி கூட்டவேண்டும். இல்லையேல் பருந்து கரித்துண்டாகும். இவ்வளவையும் ஒரு மாலைப் பொழுதில் வீட்டு மதிலில் இருக்கும் காகத்தையும் வயலில் நிற்கும் கொக்கையும் வைத்தே பழகிக்கொள்ளலாம்.

வெளிச்சத்தைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். காலையும் மாலையும் நல்லன, நண்பகல் ஆகாது என்பது யாவரும் அறிந்ததே. மன்னாருக்கு உரிய வேறொரு காரணமும் உண்டு. காலை ஒன்பது மணிக்குப் பின்னர் தரவை சூடேறத் தொடங்கும். அப்போது நிலத்தின் மேலுள்ள காற்று நெளியும். தூரத்தே நிற்கும் நாரையின் கால்கள் நீரிற் பட்ட நூல்போல ஆடும். இலட்சக்கணக்கான ரூபா கொடுத்து வாங்கிய லென்ஸும் அந்த நெளிவைத் திருத்தாது. சொல்லப்போனால், லென்ஸின் வலிமை கூடக்கூட நெளிவும் பெரிதாகவே தெரியும். கொழும்பிலிருந்து வருகிற அன்பர்கள் சாவகாசமாகக் காலையுணவு முடித்துப் பத்து மணிக்குத் தாம்போதிக்கு வந்து, "படம் தெளிவாக இல்லை, லென்ஸில் ஏதோ பழுது" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். பழுது காலையுணவில்.

வெளிச்சத்திலும் பார்க்கக் காற்றைப் பற்றியே நான் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன். புத்தகங்களில் இதற்கு அதிக இடம் தருவதில்லை. பறவைகள் எழும்பும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்த்தே செய்யும். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசைக்கே அவற்றின் முகம் திரும்பியிருக்கும். மார்கழி, தை மாதங்களில் நம் பகுதியில் வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து வருவது. காலைச் சூரியனோ கிழக்கில். சூரியனை முதுகுப்புறம் வைத்து மேற்கு நோக்கி நாம் இருப்போமாயின், இறங்கும் பறவை காற்றை எதிர்கொண்டு நம்மை நோக்கியே வரும். வெயிலும் அதன் முகத்திலே விழும். அதே இடத்தில் அதே காலத்தில் மாலையிற் போய் இருந்து பாருங்கள்: வெயில் முதுகில் இருக்க வேண்டுமானால் கிழக்கு நோக்கி இருக்கவேண்டும், அப்போது வந்திறங்கும் பறவைகள் எல்லாம் தம் வாலையே நமக்குக் காட்டும். சோளகம் வீசும் காலத்தில் இது தலைகீழாகும். காற்று தென்மேற்கிலிருந்து வருவதால் மாலைப்பொழுதே சிறந்தது. வாடைக்குக் காலை, சோளகத்துக்கு மாலை என்று என் குறிப்புப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இதை எனக்கு உணர்த்தியவர் படம் பிடிப்பவர் அல்லர். எங்கள் வீதியின் கடைசியில் இருந்த ஒரு மீனவர். பாய்த்தோணிக்காரருக்குக் காற்றைப் பற்றித் தெரியாததென்ன?

அடுத்தது உயரம். மனிதன் நின்றபடி கீழே பார்த்து எடுக்கும் படத்தில் பறவை சிறுமையாகத் தோன்றும். பின்னால் வெறுஞ் சேறே தெரியும். அதன் கண்ணின் உயரத்துக்கு நம் கமரா இறங்கவேண்டும். அதாவது வயிறு நிலத்திற்படக் கிடக்கவேண்டும். உடுப்பு சேறாகும், வீட்டில் ஏச்சு விழும். அதற்கு ஆயத்தமாகப் பழைய சாக்கொன்றை விரித்துக்கொள்ளலாம். கமராவைத் தாங்குவதற்கு முக்காலி வேண்டியதில்லை. தலையணை உறை ஒன்றில் உமியை நிரப்பித் தைத்துவிட்டால் போதும். நிலத்தில் வைத்தாலும் வாகனத்தின் யன்னலில் வைத்தாலும் லென்ஸ் அதிலே பூனை படுத்தாற்போல் அசையாதிருக்கும். வாகனத்தைப் பற்றியும் ஒரு சொல்: நடந்து வரும் மனிதனுக்குப் பறக்கும் பறவை, வீதியோரத்தில் நிற்கும் வாகனத்தைப் பொருட்படுத்துவதில்லை. கியர்ட்டன் சகோதரரின் மாடு நமக்கு இக்காலத்தில் நான்கு சில்லுகளோடு கிடைத்திருக்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கதவைத் திறவாமல் உள்ளேயே இருந்தால் போதும்.

நிற்க. இவை யாவும் கைப்பழக்கத்தால் வருவன. என் மருமகனுக்கும் எனக்கும் இடையே வாதம் எழுந்தது வேறொரு விடயத்திலே.

மன்னார்த் தாம்போதியை அடுத்துள்ள வங்காலைச் சரணாலயத்தை அறியாதவர்களுக்காகச் சிறிது கூறுகிறேன். உப்புத் தரவையும் சேற்று நிலமும் ஆழமற்ற கடலும் சேர்ந்த இடம் அது. 2008 ஆம் ஆண்டிற் சரணாலயமாக்கப்பட்டு, 2010 இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. பரப்பு 4,839 ஹெக்டெயர். மாரி காலத்தில் வடக்கேயிருந்து வரும் பறவைகள் இங்கு தங்குகின்றன. அவற்றுள் மக்கள் தேடி வருவது பூநாரையைத்தான். நின்று மேயும்போது பூநாரை தூரத்தில் வெளிறிய வெள்ளையாகவே தோன்றும். அதன் சிறப்பெல்லாம் மடித்த சிறகுக்குள் மறைந்திருக்கிறது. சிறகை விரித்தாலோ பவளச் சிவப்பும் அதன் ஓரத்திற் கன்னங்கரிய இறகும் ஒருங்கே தெரியும். நூற்றுக்கணக்கானவை ஒருமிக்க எழும்பினால் சொல்லவும் வேண்டுமா? நாட்காட்டிகளிலும் விளம்பரங்களிலும் நாம் காண்பது அந்தக் காட்சியே.

அவை ஒருமிக்க எழும்புவது எப்போது என்று கேளுங்கள். பருந்து வந்தால் எழும்பும். நீரின் ஆழம் மாறினால் சிறு சிறு கூட்டங்களாக இடம் மாறும். மற்றப்படி பகல் முழுவதும் தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, சேற்றை வடித்து உண்டுகொண்டேயிருக்கும். உண்பது அதன் தொழில். அந்தச் சேற்றிலுள்ள நுண்ணிய உயிர்களிலிருந்துதான் அதன் சிறகிலுள்ள சிவப்பும் வருகிறது. பிரயாணத்துக்கு வேண்டிய கொழுப்பும் அங்கிருந்தே சேரவேண்டும். பாரமான உடம்பு, நின்ற நிலையிலிருந்து எழும்ப இயலாது, நீரின் மேலே சில அடி தூரம் ஓடித்தான் எழும்பும். ஒவ்வொரு முறை அவ்வாறு ஓடி எழும்பும்போதும், தின்று சேர்த்ததில் ஒரு பகுதியைச் செலவிடுகிறது. ஆகவே நாட்காட்டிப் படத்துக்காகப் பருந்தின் வேலையை மனிதர் செய்கிறார்கள். கை தட்டுவார், கல் எறிவார், சேற்றில் இறங்கி ஓடுவார், அண்மைக் காலத்தில் ஆளில்லா விமானத்தையும் மேலே பறக்கவிடுகிறார்.

கடந்த மாசியில் ஒரு சனிக்கிழமை காலை நாங்கள் இருவரும் அங்கே சாக்கு விரித்துக் கிடந்தோம். விடியுமுன்னரே போய்விட்டோம். பாடசாலைகளுக்கிடையிலான படப் போட்டியொன்றுக்கு அனுப்ப அவனுக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. ஏழு மணியளவில் பூநாரைகள் தாமாகவே மேய்ந்துகொண்டு எங்கள் பக்கமாக வரத் தொடங்கின. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒன்றிரண்டு தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தன. அப்போது அசையாதிருக்க வேண்டும். ஒன்று நிமிர்ந்தால் ஐயம். பல நிமிர்ந்தால் அச்சம். எல்லாம் நிமிர்ந்து ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் நாம் நெருங்கிவிட்டோம், பின்வாங்க வேண்டும். சிறிது நேரத்தில் நிமிர்ந்த தலைகள் மீண்டும் நீருக்குள் சென்றன. மருமகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் வெற்றி தெரிந்தது, நியாயமான வெற்றிதான்.

அவ்வேளையில் வீதியில் வான் ஒன்று வந்து நின்றது. ஐந்தாறு பேர் இறங்கினார்கள். அவர்களுள் ஒருவர் செருப்பைக் கழற்றிக் கையிற் பிடித்துக்கொண்டு தரவைக்குள் ஓடி, கைகளைத் தட்டிப் பெருங்குரலெடுத்தார். கூட்டம் முழுவதும் எழுந்தது. எங்கள் தலைக்கு மேலாக, காலை வெயிலில், வாடையை எதிர்த்து வட்டமிட்டது. அழகாயிருக்கவில்லை என்று சொன்னால் நான் பொய்யனாவேன். என் அருகில் கமராவின் ஒலி இடைவிடாது கேட்டது. பின்னர் பறவைகள் தெற்கே வெகு தூரத்திற் போய் இறங்கின. வான் போய்விட்டது. எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம் இராது.

அவன் எடுத்த படங்களுள் ஒன்று உண்மையிலேயே மிக உயர்ந்தது. அதை நான் அப்போதே சொன்னேன். ஆயினும் போட்டிக்கு அதை அனுப்புவதா என்பதில் எங்களுக்கு அன்று பகல் முழுவதும் பேச்சு நடந்தது. "மாமா, நாங்கள் கலைக்கவில்லையே. அவர்கள்தானே கலைத்தார்கள்? கண்ணுக்கு முன்னால் நடந்ததைத்தானே நான் எடுத்தேன்?" என்றான் அவன். அவனுடைய வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தெருவில் நடந்த விபத்தைப் படம் எடுத்த பத்திரிகைக்காரரை விபத்துக்குக் காரணமானவர் என்று யாரும் சொல்வதில்லை. நான் சொன்னது இவ்வளவுதான்: "அந்தப் படத்தைப் பார்க்கிறவர் இது எப்படிக் கிடைத்தது என்று கேட்பார். நீ என்ன சொல்வாய்? ஒன்றும் சொல்லாவிட்டால், இதைப் போல் ஒன்று தனக்கும் வேண்டுமென்று அவரும் வந்து கை தட்டுவார்." அவன் பதில் பேசவில்லை. மத்தியானச் சாப்பாட்டின் போதும் பேசவில்லை. மாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குழம்பை எடுத்து வைத்தாள்.

மறுநாள் மீண்டும் போனோம். முதல்நாள் கூட்டம் நின்ற இடம் வெறுமையாயிருந்தது. தொலைவில் மாத்திரம் ஒரு வெள்ளைக் கோடு. எட்டரை மணிவரையில் பதினான்கு பூநாரைகள் பிரிந்து எங்கள் பக்கமாக வந்தன. அவற்றுள் ஒன்று மேய்வதை நிறுத்தி நின்று, ஒரு காலையும் அதே பக்கத்துச் சிறகையும் பின்புறமாக நீட்டிச் சோம்பல் முறித்தது. மூன்று செக்கன் இருக்கும். பவளச் சிவப்பும் கரிய ஓரமும் முழுமையாகத் தெரிந்தன. பறவை நின்ற இடத்திலேயே நின்றது. மற்றைய பதின்மூன்றும் தலை நிமிரவில்லை. பறவைகள் நாள்தோறும் இறகு கோதும் வேளையில் இவ்வாறு செய்வதுண்டு. வீட்டுக் கோழியைப் பார்த்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. சிறகின் உள்ளழகைக் காண்பதற்குக் கூட்டத்தைக் கலைக்க வேண்டுவதில்லை; ஒரு பறவை சோம்பல் முறிக்கும் வரையில் கிடக்க வேண்டும், அவ்வளவே. அது எத்தனை மணி நேரம் என்று எவராலும் சொல்ல இயலாது என்பதுதான் இதிலுள்ள கஷ்டம்.

இரண்டு படங்களையும் அவன் அனுப்பினான். முதற் படத்தின் கீழே "மனிதர் கை தட்டியதால் மேய்ச்சலை விட்டு எழுந்த பூநாரைகள்" என்று எழுதினான். அது அவனாகவே எடுத்த முடிவு. பரிசு இரண்டுக்கும் கிடைக்கவில்லை. ஒரு பூனையின் படத்துக்குக் கிடைத்தது என்று அறிந்தேன். நல்ல பூனையாகவே இருந்திருக்கும்.

பூநாரைக்காவது பறந்துபோய்ப் பிழைக்க வழியுண்டு. கூட்டிலிருக்கும் பறவைக்கு அதுவும் இல்லை. எங்கள் உப்புத் தரவைகளில் சிட்டுக்குருவியின் அளவேயான ஒரு சிறு பறவை மணலிலே ஓடித் திரியும். நின்றால் கண்ணுக்குத் தெரியாது, ஓடினாற்றான் தெரியும். நீண்ட காலமாக இதை வேறோர் இனத்தின் கிளை என்றே அறிஞர்கள் கொண்டிருந்தார்கள். 2023 ஆம் ஆண்டில் இது தனி இனமென்று நிறுவப்பட்டது. இராமர் அணைக்கு அண்மையில், மன்னாரில் வாழும் பறவைகளை ஆராய்ந்ததும் அதற்கு ஓர் ஆதாரம். ஆகையால் அனுமனின் பெயரையே ஆங்கிலத்தில் அதற்கு இட்டிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய பெயரைத் தாங்கும் அச்சிறு பறவை முட்டையிடுவது வெறு மணலிற் கிண்டிய ஒரு சிறு பள்ளத்திலே. முட்டையும் மணல் நிறம். கூட்டருகில் நாம் போனால் தாய்ப்பறவை எழுந்து, சிறகொடிந்ததைப் போல நொண்டி, நம்மை வேறு பக்கம் இழுத்துச் செல்லப் பார்க்கும். அந்த நடிப்பைப் படம் பிடித்து மகிழ்கிறவர்கள் உண்டு. அது நடிக்கும் நேரமெல்லாம் முட்டைகள் மன்னார் வெயிலிற் கிடக்கின்றன என்பதை அவர்கள் நினைப்பதில்லை. வெயில் எவ்வளவு கொடியது என்பதற்கு ஆட்காட்டியைப் பாருங்கள்: அது நீருக்குச் சென்று வயிற்று இறகை நனைத்து வந்து முட்டைகளைக் குளிரச் செய்யும். அத்தோடு காகமும் நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கும். மனிதன் எங்கே குனிந்து பார்க்கிறான் என்பதை நினைவில் வைத்து, அவன் அகன்றதும் அங்கே இறங்கும். ஆகையால் நொண்டும் பறவையைக் கண்டால், வந்த அடித்தடத்திலேயே திரும்பிவிடுங்கள். கமராவை உயர்த்தவே வேண்டாம்.

கூட்டருகிற் செல்வதில் மனிதனுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. எரிக் ஹொஸ்கிங் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயப் படப்பிடிப்பாளர் 1937 ஆம் ஆண்டில் ஓர் ஆந்தையின் கூட்டருகே இரவிற் சென்றபோது, அந்த ஆந்தை தாக்கியதால் தம் இடது கண்ணை இழந்தார். அதன் பின்னரும் 1991 இல் மறையும் வரையில் பறவைகளையே படம் எடுத்தார். ஆந்தையை அவர் குறை கூறியதாக நான் எங்கும் படித்ததில்லை.

பெரிய விலங்குகளைப் பற்றி அதிகம் எழுத எனக்கு உரிமையில்லை. யாலவுக்கு மூன்று முறையும் மின்னேரியாவுக்கு இரண்டு முறையுமே போயிருக்கிறேன். யால 1938 ஆம் ஆண்டிலே தேசிய பூங்காவானது. சிறுத்தையைக் காண உலகெங்கிருந்தும் மக்கள் அங்கு வருகிறார்கள். ஓரிடத்திற் சிறுத்தை தென்பட்டது என்ற செய்தி தொலைபேசியிற் பரவியதும் ஜீப் வண்டிகள் புழுதி பறக்க அங்கே விரையும். இருபது வண்டிகளுக்கு நடுவே மரத்திற் கிடக்கும் சிறுத்தையின் படம், சந்தைக்கு வந்த மாட்டின் படத்திலும் பார்க்க மேலானதாக எனக்குத் தோன்றவில்லை. சாரதியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "ஐயா, எங்களுக்கு அவசரமில்லை. நீர்நிலையோரம் ஒன்றில் எஞ்சினை நிறுத்தி வைத்தால் போதும்." பின்னர் காதைத் தீட்டிக்கொண்டிருங்கள். மந்தி மரத்தின் உச்சியிலிருந்து இருமுவதுபோல் ஒலி எழுப்பினாலும், புள்ளிமான் கூரிய குரலிற் கத்திக் காலை நிலத்தில் உதைத்தாலும், அவை பார்க்கும் திசையைப் பாருங்கள். சிறுத்தை வராமலும் போகலாம். அந்த மான் உங்களுக்குக் கிடைத்துவிடும்.

மின்னேரியாவில் ஆவணி, புரட்டாதி மாதங்களிற் குளம் வற்ற வற்ற அதன் படுகையில் இளம்புல் முளைக்கும். யானைகள் கூட்டமாக அங்கே இறங்கும். அங்கு போகிறவர்கள் நீண்ட லென்ஸை ஒருமுறையாவது கழற்றி வைத்துவிடட்டும். யானையின் கண்ணையும் தும்பிக்கையையும் தனித்தனியாக எடுத்து வந்தால், மகாசேன மன்னன் கட்டுவித்த அப்பெருங் குளத்தில் எடுத்ததற்கும் மிருகக்காட்சிச்சாலையில் எடுத்ததற்கும் வேற்றுமை தெரியாது. குளமும் புல்லும் பின்னாலுள்ள காடும் படத்தில் இருக்கட்டும். யானை சிறிதாகத் தெரிந்தால் அதனால் அதன் பெருமை குறைந்துவிடாது.

இதற்கெல்லாம் பணமும் வாகனமும் வேண்டுமே என்று மாணவர்கள் கேட்பார்கள். வேண்டியதில்லை. கையடக்கத் தொலைபேசி ஒன்றிருந்தால் வீட்டுக் கிணற்றடியிலேயே தொடங்கலாம். கிணற்றடி வாழைக்குக் கழிவு நீர் பாயும் இடத்துக்குக் காலையும் மாலையும் புலுனிகள் ஏழெட்டாகச் சேர்ந்து குளிக்க வரும். வேலிக் கிடுகில் ஓணான் வெயில் காயும். தும்பி ஒரு குச்சியிலிருந்து பறந்தால் பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பி வரும். ஆகவே குச்சியிலே குவியத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தால் போதும். ஒரு வாரம் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இருந்து பாருங்கள். எந்தப் புலுனி முதலில் இறங்கும், எது காவலுக்கு மேலே இருக்கும் என்பதெல்லாம் மூன்றாம் நாளே தெரியத் தொடங்கும். யாலவுக்குப் பத்து முறை போய்வந்தவர்களுக்கும் கிட்டாத ஓர் அநுகூலம் இது: நம் வீட்டுப் பறவை நம்மை முன்னரே அறியும்.

கடைசியாக, குறிப்புப் புத்தகம். படத்தோடு திகதி, நேரம், காற்றின் திசை, பறவை அப்போது செய்துகொண்டிருந்த வேலை ஆகியவற்றை அன்றிரவே எழுதிவிட வேண்டும். எடுத்த நேரத்தைக் கமராவே பதிந்து வைக்கும் என்பது உண்மை; காற்றை அது பதிவதில்லை. இடத்தின் பெயரையும் எழுதலாம், உங்கள் புத்தகத்தில் மாத்திரம். கூட்டுக்கு அண்மையில் எடுத்த படமாயின், பிறருக்கு அனுப்பும்போது இடத்தைக் குறிப்பிட வேண்டாம். தொலைபேசியில் எடுக்கும் படங்களில், அமைப்பை மாற்றாவிடின், இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் தாமே பதிந்துவிடுவதுண்டு. படத்தை அனுப்புமுன் அதை நீக்கிவிடலாம். எப்படி நீக்குவதென்று எனக்குக் காட்டித் தந்தவன் என் மருமகன். எனக்கு அது நான்காம் முறையிலேதான் கைவந்தது.